பட்டு நூற்கும் கைக்குப் பங்கு எங்கே?

கையால் நூற்ற பட்டு நூலுக்கு மேல்நாடுகளில் நல்ல மதிப்பு இருக்கிறது. சேலை நெய்வதற்கு அல்ல. ஊசி கொண்டு பின்னும் பின்னலுக்கு. குளிர் நாடுகளில் சால்வை, கழுத்துக் குட்டை, கையுறை, மேல்சட்டை ஆகியவற்றை வீட்டிலேயே பின்னிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போய்விடவில்லை. அப்படிப் பின்னுகிறவர்கள் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போகும் கைநூற்புப் பட்டைத் தேடி வாங்குகிறார்கள். சேலைத் தறிகளில் மிஞ்சும் பட்டுக் கழிவைப் பெண்கள் பிரித்து, முறுக்கி, பல வண்ணம் கலந்த நூலாக்கி அனுப்புகிறார்கள். அது அங்கே கடைகளில் சிட்டம் சிட்டமாகத் தொங்குகிறது.

கடைக்காரருக்கு லாபம். ஏற்றுமதி செய்தவருக்கும் லாபம். பின்னியவருக்கு மனநிறைவு. இந்த வரிசையில் நூற்றவளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. கரமனையைப் போன்ற இடங்களில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தொழிலில் இறங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கரமனைக்கு இது ஏன்?

திருவனந்தபுரத்தில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்களில் கரமனை ஒன்று. ஆற்றங்கரையை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் இன்றும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். பிற்காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து அலுவலக வேலைக்கும் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள் பலர். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடுகள் இவர்களிடையே அதிகம். மாத முதல் வாரத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைக் கடன் தீர்ந்தபின் மிச்சம் என்ன என்பது குமாஸ்தா வீட்டு மனைவிமார்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வீடுகளில் பெண்கள் சும்மா இருப்பதில்லை. அப்பளம் இடுகிறார்கள், முறுக்கு சுற்றுகிறார்கள், ரவிக்கை தைக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டி இயந்திரம் வாங்கி, பிறகு சரக்கை வாங்க ஆள் வராமல் ஏமாந்தவர்களும் உண்டு. ஆகவே புதிதாக ஒரு கைத்தொழிலைச் சொல்லும்போது அதன் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுவதே நியாயம்.

நூலுக்கும் தமிழருக்கும் இந்த வட்டாரத்தில் பழைய உறவும் இருக்கிறது. கரமனைப் பாலத்தைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் பாப்பனங்கோடு, நேமம் வழியாகப் போனால் பாலராமபுரம். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் அங்கே தறி போட்டன. அவர்கள் கைப்பட்ட வேட்டியும் நேரியதும் இன்றைக்கும் கேரளத்தின் பெருமை. 2009-ல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் தறிக்கு வரும் நூல் ஆலை நூல். நெய்யும் கை இங்கே தங்கிவிட்டது. நூற்கும் கை எப்போதோ ஓய்ந்துவிட்டது.

இழுப்பது வேறு, நூற்பது வேறு

பட்டு என்றதும் காஞ்சிபுரம் சேலைதான் பலருக்கும் நினைவு வரும். அந்தப் பட்டு நூற்கப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. மல்பெரி இலை தின்னும் புழு தன்னைச் சுற்றி ஒரே இழையாகக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை இருக்கும். பூச்சி வெளியே வந்தால் இழை அறுந்துபோகும் என்பதால், புழு உள்ளே இருக்கும்போதே ஆவியிலோ சூட்டிலோ அதைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு கூட்டை வெந்நீரில் போட்டுப் பசையை இளக்கி, பல கூடுகளின் நுனிகளை ஒன்று சேர்த்து இழுத்துச் சுற்றுகிறார்கள். அதுவே கச்சாப் பட்டு.

இப்படி இழுக்க முடியாதவையும் உண்டு. பூச்சி துளைத்து வெளியேறிய கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூடு, கூட்டின் வெளிப்புறப் பஞ்சு, இழுத்து முடிந்தபின் அடியில் தங்கும் மெல்லிய தோல், தறியில் மிஞ்சிய நறுக்கு. இவற்றைப் பருத்தியைப் போலப் பிரித்து, சீவி, முறுக்கித்தான் நூலாக்க வேண்டும். கை நூற்புக்கு இடம் இங்கேதான். வங்காளத்தில் முர்ஷிதாபாத், மால்டா மாவட்டங்களில் துளைபட்ட கூடுகளிலிருந்து பெண்கள் நூற்கும் கரடுமுரடான நூலுக்கு மட்கா என்று பெயர். அதன் அழகே அந்தக் கரடுதான்.

வேலை எளிதல்ல. முதலில் கூட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்துப் பசையை நீக்க வேண்டும். மல்பெரிப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசை. ஒரு கிலோ கழிவை வேகவைத்தால் முக்கால் கிலோதான் கையில் மிஞ்சும். அதிலும் குட்டை இழைகள் உதிரும். அதன்பின் அலசி, காய வைத்து, விரலால் பிரித்து, தக்ளியிலோ ராட்டையிலோ நூற்க வேண்டும். பட்டு இழை வழுக்கும். கையில் ஒரு வெடிப்பு, நகத்தில் ஒரு கீறல் இருந்தால் இழை அதில் மாட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்த்துக் காய்ந்த கைக்கு இது பெரிய தொந்தரவு. கையில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஒரு விஷயம் திருவனந்தபுரத்துக்குச் சாதகம். வறண்ட காற்றில் பட்டு இழைகள் மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளிப் பறக்கும். நூற்பவரின் பொறுமையைச் சோதிக்கும். இங்கே கடற்காற்றின் ஈரத்தில் அந்தத் தொல்லை குறைவு.

மரச்சீனி இலையில் ஒரு பட்டு

கூட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். மல்பெரிக் கழிவு வேண்டுமானால் கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வர வேண்டும். இன்னொரு பட்டு இருக்கிறது. அஸ்ஸாமிலும் மேகாலயத்திலும் பெருவாரியாக வளர்க்கப்படும் எரி பட்டு. 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவில் உற்பத்தியான 36,582 டன் பட்டில் 7,349 டன் எரி. மல்பெரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

எரிக் கூட்டில் ஒரே நீள இழை கிடையாது. கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும். பூச்சி அதன் வழியே தானாக வெளியேறலாம். ஆகவே எரியை இழுக்க வழியில்லை. நூற்றே தீர வேண்டும். வடகிழக்கு மாநிலங்களின் கிராமங்களில் வீட்டுப் பெண்கள் தக்ளியில் அதை நூற்றுக் குளிர்காலச் சால்வை நெய்துகொள்கிறார்கள். கம்பளியைப் போல வெதுவெதுப்பு, துவைக்கத் துவைக்க மென்மை. பின்னலுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டு இல்லை எனலாம்.

இந்தப் புழுவுக்கு முக்கிய உணவு ஆமணக்கு இலை. அது இல்லாத இடத்தில் மரவள்ளி இலையையும் தின்னும். அதாவது, திருவனந்தபுரம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்குத் துணையாகப் பரப்பிய பயிர் அது. அதற்கென்றே ஸ்ரீகாரியத்தில் 1963-ல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளித் தோட்டங்களில் எரி வளர்ப்பை முயன்று பார்த்திருக்கிறார்கள். இலையை அளவோடு கிள்ளினால் கிழங்குக்குக் கேடில்லை என்பது அந்த முயற்சிகளின் பாடம். கிழங்கு ஒருவர் தட்டுக்கு, இலை புழுவுக்கு, கூடு நூற்பவருக்கு என்று ஒரே பயிர் மூன்று வழியில் உதவக்கூடும்.

கரமனையில் புழு வளர்க்க இடமில்லை. தெரு நெருக்கம் அப்படி. ஆனால் காட்டாக்கடை, நெடுமங்காடு பக்கத்துக் கிராமங்களில் வளர்த்தால் கூட்டை இங்கே கொண்டுவந்து நூற்பதற்கு ஒரு பஸ் பயணத்துக்கு மேல் செலவில்லை.

பட்டைப் பற்றிப் பேசும்போது உயிர்க்கொலை என்ற தயக்கமும் வரும். காஞ்சிப் பெரியவர் பட்டைத் தவிர்க்கச் சொன்னதை மனத்தில் கொண்டு பட்டே உடுத்தாத குடும்பங்கள் அக்கிரகாரங்களில் உண்டு. பூச்சி பறந்து போனபின் கூட்டை எடுத்து நூற்கும் 'அஹிம்சைப் பட்டை' ஐதராபாத் பக்கத்தில் குசும ராஜய்யா என்பவர் பிரபலமாக்கினார். எரிக்கும் இது பொருந்தும். ஆனால் வடகிழக்கில் எரிக் கூட்டுப்புழு விரும்பி உண்ணப்படும் உணவு என்பதையும் மறைக்கக் கூடாது. 'எரி என்றாலே அஹிம்சை' என்று விற்பது உண்மையல்ல. கூடு எங்கிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அப்படிச் சொல்லலாம்.

பின்னல் நூல் தனி ரகம்

'நூல் நூல்தானே, நெசவுக்கு நூற்பதைப் பின்னலுக்கும் கொடுக்கலாமே' என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் வியாபாரம் கெடும். நெசவில் ஊடைக்கு ஒற்றை இழை போதும். தறியின் இறுக்கம் குறையை மறைத்துவிடும். பின்னலில் நூல் வளைந்து வளைந்து கண்ணியாகிறது. ஒற்றை இழையாக இருந்தால் துணி ஒருபக்கம் சாயும். இரண்டு இழையை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால்தான் சமனாகும். முறுக்கு குறைந்தால் உடுத்த சில நாளில் பஞ்சு உருண்டை உருண்டையாகக் கிளம்பும். கூடினால் கயிறு மாதிரி விறைக்கும். கம்பளிக்கு உள்ள மீள்தன்மை பட்டுக்கு இல்லாததால், பின்னிய சட்டை தொங்கி நீண்டுவிடவும் கூடும். சாயம் ஒரு சிட்டத்துக்கும் அடுத்த சிட்டத்துக்கும் மாறினால் பாதிச் சால்வையில் பட்டை விழும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார்.

ஆக, இது பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு மறுவாரம் விற்கும் வேலையல்ல. கையில் படிய மாதக் கணக்கில் பழக வேண்டிய தொழில். தொழில் என்றால் கூலி வேண்டும்.

ஒரு குமாஸ்தாக் கணக்கு

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, விகிதம்தான் முக்கியம்.

நூறு கிராம் பின்னல் நூல் ஒரு சிட்டம். அதற்குப் பசை நீக்கிப் பிரிக்க 3 மணி, நூற்க 7 மணி, இரட்டை முறுக்கி அலசிச் சுற்ற 2 மணி என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 12 மணி. வியாபாரி வந்து 'கிராமுக்கு இரண்டு ரூபாய் தருகிறேன்' என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிட்டத்துக்கு 200 ரூபாய். 12 மணியால் வகுத்தால் மணிக்கு 17 ரூபாய்கூடத் தேறாது. எட்டு மணி நாளுக்கு 133 ரூபாய். இந்த ஊரில் அந்தக் கூலிக்கு எந்த வேலைக்கும் ஆள் கிடைக்காது. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே' என்ற பேச்சில் அது மறைந்துவிடுகிறது.

நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. 12 மணிக்கு 750 ரூபாய். சில நல்ல மனிதர்கள் நூற்கும் நேரத்துக்கு மட்டும் நியாயமாகக் கொடுப்பார்கள். அப்படியானால் 7 மணிக்கு 437 ரூபாய் 50 காசு. வேகவைத்ததும் பிரித்ததும் சுற்றியதும் கணக்கில் வராமல் 312 ரூபாய் 50 காசு நூற்றவள் கையைவிட்டுப் போகிறது. நல்ல எண்ணம் மட்டும் போதாது. நேரக் கணக்கு வேண்டும்.

எடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கிலோ கழிவு கொடுத்து ஒரு கிலோ நூல் கேட்பவர் பசை போகும் கால் பங்கை நூற்பவள் தலையில் கட்டுகிறார். பட்டு ஈரத்தையும் குடிக்கும். வணிகத்தில் நூற்றுக்கு 11 பங்கு ஈரம் இயல்பானது என்று கொள்கிறார்கள். ஆடி மழையில் கரமனையில் நிறுத்த சிட்டம், வடக்கே வறண்ட ஊரில் நிறுத்தால் எடை குறையும். 'திருடிவிட்டாள்' என்ற பழி நூற்றவள் மீது விழும். கொடுத்த எடை, பசை போன எடை, திரும்பிய எடை மூன்றையும் எழுத ஒரு கைப்புத்தகம் இருந்தால் இந்தச் சண்டை வராது. ஒரு குயர் நோட்டுப் புத்தகத்தின் விலைதான் அதற்குச் செலவு.

1935-ல் எழுந்த கேள்வி

நூற்பவர் கூலி என்ற கேள்வி புதிதல்ல. 1925-ல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார்; சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் அங்கே நூல் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாடெங்கும் கதர் மலிவாக விற்க வேண்டும் என்பதே அப்போது எல்லோர் கவலையும். மலிவாக விற்க நூற்பவர் கூலியைக் குறைப்பதே வழியாக இருந்தது.

1935-ல் காந்தியடிகள் இதைக் கண்டித்தார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். விலை ஏறினால் கதர் விற்காது என்று சங்கத்தில் பலர் அஞ்சினார்கள். எட்டணா கைகூடவில்லை. ஆயினும் நூற்பவருக்கு வயிறு நிறையும் குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையைச் சங்கம் ஏற்றது. விலையிலிருந்து கூலிக்கு வராமல், கூலியிலிருந்து விலைக்குப் போக வேண்டும் என்பதே அதன் பொருள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாட்டில் வந்தது 1948-ல். அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே ராட்டையை வைத்து இந்த நியாயம் பேசப்பட்டது.

அன்றைக்கு வாங்கியவன் ஏழை. விலை ஏறினால் அவனுக்குக் கஷ்டம் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. இன்றைக்குக் கைநூற்புப் பட்டை வாங்குபவர் குளிர் நாட்டில் வசதியாக இருப்பவர். 'கையால் நூற்றது' என்பதற்காகவே அதிகம் கொடுக்கிறார். அந்த அதிகம் கைக்கு வந்து சேரவில்லை என்றால் நடுவில் எங்கோ நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

சட்டத்தில் ஓர் இடைவெளி

1956ஆம் ஆண்டின் கதர் கிராமத் தொழில் கமிஷன் சட்டம் கதர் என்றால் என்ன என்று சொல்கிறது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலைக் கொண்டு கைத்தறியில் நெய்த துணி. இதில் 'நெய்த' என்ற சொல் கவனிக்கத்தக்கது. கையால் நூற்ற அதே பட்டு நூல் தறியில் ஏறினால் கதர். ஊசியில் ஏறிப் பின்னலானால் அந்த வரையறைக்கு வெளியே. ஒரே பெண், ஒரே ராட்டை, ஒரே உழைப்பு. நூல் எங்கே போகிறது என்பதை வைத்து அவள் கதர்த் தொழிலாளியா இல்லையா என்ற குழப்பம் எழுகிறது.

கேரளத்தில் கதர்த் தொழிலாளருக்கு நலநிதி இருக்கிறது. மாநில கதர் கிராமத் தொழில் வாரியத்தின் தலைமை அலுவலகமே திருவனந்தபுரத்தில்தான். பின்னலுக்கு நூற்பவரும் அந்த நலநிதியில் சேரலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பலருக்குத் தைரியம் வரும்.

முத்திரைகளும் உதவுவதில்லை. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை 'இது சுத்தப் பட்டு' என்று உறுதி தருகிறது. வாங்குபவரைக் காக்கிறது, நல்லதே. ஆனால் அந்தப் பட்டை யார் நூற்றார், என்ன கூலி பெற்றார் என்பதைச் சொல்ல எந்த முத்திரையும் இல்லை.

'இயந்திரம் இருக்கும்போது கை எதற்கு?'

நியாயமான கேள்வி. கை நூற்பு என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், பீகார், ஒடிசா மாநிலங்களில் டஸர் பட்டை ஏழைப் பெண்கள் தங்கள் தொடையில் வைத்துத் தேய்த்து முறுக்கி வந்தார்கள். தோல் புண்ணாகும்; கூலியும் சொற்பம். அதை ஒழிக்க மத்திய பட்டு வாரியத்தின் பெங்களூர் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 'புனியாத்' என்ற சிறு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சுக்குள் தொடை முறுக்கையே ஒழிப்பது என்று இலக்கும் வைத்தார்கள். உடம்பை வருத்தும் வழக்கத்தைப் பாரம்பரியம் என்று கொண்டாடுவது பாவம்.

அதுபோலவே தக்ளியோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. தக்ளியில் நாள் முழுக்க நூற்றாலும் சில பத்துக் கிராம்தான் வரும். மிதி ராட்டையிலோ சிறு மோட்டார் ராட்டையிலோ பல மடங்கு வரும். பருத்தி நூற்பை வேகப்படுத்திய அம்பர் சர்க்காவைக் கண்டுபிடித்த ஏகாம்பரநாதன் தமிழ்நாட்டுக்காரர். அவர் பெயரிலிருந்தே 'அம்பர்' வந்தது. கை வேலையில் கருவியைச் சீர்திருத்துவது தமிழனுக்குப் புதிதல்ல.

மறுபக்கம், கைக்கு உரிய மதிப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே யூகி என்னும் ஊரில் பட்டுக் கூட்டை விரித்துப் பஞ்சாக்கி, விரலால் மெல்ல இழுத்து நூலாக்கித் துணி நெய்கிறார்கள். 2010-ல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயந்திர நாடு என்று பெயர் வாங்கிய ஜப்பான், நூற்கும் விரலை வெட்கமாக நினைக்கவில்லை.

'இந்த ஊரில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள்?' என்றும் கேட்பார்கள். கரமனையில் ஸ்வெட்டர் போட்டால் வியர்வையில் நனையும் என்பது உண்மை. அப்பளம் இடுபவர் எல்லா அப்பளத்தையும் தாமே சாப்பிடுகிறாரா? மூணாறு, ஊட்டி, கொடைக்கானல் மலைக்கடைகள் இருக்கின்றன. வடக்கே குளிர் இருக்கிறது. கடல் கடந்த வாடிக்கையாளரும் இருக்கிறார். தபாலில் அனுப்ப நூல் சிட்டத்தைவிடச் சௌகரியமான சரக்கு வேறில்லை; உடையாது, கெடாது, எடையும் குறைவு.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, தனித்தனியாக நூற்று வியாபாரியிடம் போகக் கூடாது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ அண்டைவீட்டுக் குழுக்கள் இங்கே தெருத்தோறும் உள்ளன. தமிழ்ப் பெண்கள் பலர் மொழித் தயக்கத்தால் அவற்றிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. ஒரு குழுவாக நூலைத் தரம் பிரித்து விற்றால்தான் விலை பேசும் பலம் வரும்.

இரண்டாவதாக, கூலியை எடைக்கு நிர்ணயித்தாலும் அந்த எடைக் கூலி நேரத்திலிருந்து கணக்கிடப்பட வேண்டும். பசை நீக்குவது முதல் சிட்டம் சுற்றுவது வரை எல்லா நேரமும் அதில் சேர வேண்டும். பழகும் மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் எவரும் ஆறு மாதம் தொழில் பழக முடியாது.

மூன்றாவதாக, கதர் வாரியமும் பட்டு வாரியமும் கூடி, பின்னலுக்கான கைநூற்பு நூலுக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். மத்திய சட்டத்தைத் திருத்தும்வரை காத்திராமல், மாநில அளவில் நலநிதிக்கும் பயிற்சிக்கும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, முன்பணம் வாங்கிக்கொண்டு இயந்திரம் விற்கும் ஏஜெண்டுகளை அண்டவிடக் கூடாது. முதலில் வாங்குபவர் யார் என்று தெரிய வேண்டும். ராட்டை பிறகு வரட்டும். நிச்சயமான கொள்முதல் ஒரு தொழிலை எப்படி நிமிர்த்தும் என்பதற்குக் கேரளத்திலேயே உதாரணம் உண்டு. 2017-ல் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்க அரசு தொடங்கியபின், ஓய்ந்துகிடந்த தறிகள் பலவற்றுக்கு வேலை வந்தது. கூலி தாமதமாகிறது என்ற முறையீடு நெசவாளரிடம் அவ்வப்போது எழுவதும் உண்டு. அந்தக் குறையையும் சேர்த்துப் பாடமாகக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, சிட்டத்தில் தொங்கும் சீட்டில் இரண்டு வரி கூடுதலாக அச்சிடட்டும். இந்த நூலை நூற்க இத்தனை மணி ஆயிற்று. நூற்றவருக்கு இவ்வளவு கூலி கொடுக்கப்பட்டது. வாங்குபவருக்குத் தெரியட்டும். மறைக்க ஒன்றும் இல்லாத வியாபாரி இதற்கு அஞ்சமாட்டார்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தாயோ ராட்டை முன் உட்கார்ந்தால் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்து நடுவில் காப்பி கேட்காதீர்கள். அலுவலகத்தில் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது எவராவது வந்து கையைப் பிடித்தால் பொறுப்பீர்களா? இழை அறுந்தால் ஒட்டலாம். வேலையை வேலை என்று மதிக்காத பழக்கம் வீட்டில் தொடங்கினால், வியாபாரியும் அதையேதான் செய்வார்.

பட்டுப் புழு தன்னைக் காத்துக்கொள்ளக் கூடு கட்டுகிறது. அதன் பலன் பிறருக்குப் போகிறது. புழுவுக்குப் பேச வாயில்லை. நூற்கும் பெண்ணுக்கு வாயும் உண்டு, கணக்கும் தெரியும். அவள் கேட்கும் கூலியைக் கொடுத்துவிட்டுப் பிறகு 'கையால் நூற்ற பட்டு' என்று சீட்டு ஒட்டட்டும். அதிகாரிகள் ஆவன செய்வார்களாக.